தண்ணீர் ஒரு வழி, உப்பு வேறு வழி: பாலைவன நிலத்தடி நீரில் ஐசோடோப்புகள் சொல்லும் கணக்கு

அபுதாபியிலிருந்து மேற்கே சவூதி எல்லையை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், கடல் இருக்கும் பக்கம் முழுக்க ஒரு தட்டையான வெளிறிய நிலம் கூடவே வந்துகொண்டிருக்கும். மரம் கிடையாது, மேடு கிடையாது. சப்கா என்பார்கள். சுமார் 300 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் வரை அகலம். மேலே உப்புப் பொருக்கு. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், அதுவும் பக்கத்தில் இருக்கும் கடலைவிடப் பல மடங்கு கரிக்கும். இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருமே கையை நீட்டிக் கடலைத்தான் காட்டுவார்கள்.

நிலவியலாளர்களும் ரொம்ப காலம் அதையேதான் சொன்னார்கள். 1960-களில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆட்கள் இந்தச் சப்காவை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு விளக்கங்கள் நிலைத்தன. பெரிய அலை வரும்போது கடல் மேலேறி நிலத்தை நனைத்து, காய்ந்து, உப்பை விட்டுப் போகிறது என்பது ஒன்று. மேலே வெயிலில் ஈரம் ஆவியாக ஆக, கடல்நீர் மண்ணுக்குள் பக்கவாட்டில் இழுபட்டு வருகிறது என்பது இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் கடல்தான் காரணம். 2002-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வாரன் வுட், வார்ட் சான்ஃபோர்ட் ஆகியோரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஐசோடோப்பு அளவுகள் (ஒரே தனிமத்தின் கனமான, லேசான அணுக்களின் விகிதம்), கரைந்திருக்கும் அயனிகளின் விகிதங்கள், நீருக்கும் உப்புக்கும் தனித்தனி வரவு செலவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது வந்த முடிவு இது: சப்காவுக்குள் வருடந்தோறும் சேரும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேயே பெய்யும் மழை. உப்பில் 95 சதவீதத்துக்கு மேல், ஆழத்திலுள்ள பழைய பாறை அடுக்குகளிலிருந்து மெல்ல மேலேறி வரும் உவர்நீர் கொண்டுவந்தது. கண்ணெதிரே கிடக்கும் கடலுக்கு இதில் பெரிய பங்கே இல்லை.

உப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் நாம் சாதாரணமாக ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். பாலைவனத்தில் அவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். மேலே சொன்ன சப்காவில் தண்ணீர் வானத்திலிருந்து இறங்கியது, உப்பு பூமிக்குள்ளிருந்து ஏறியது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்புக்குப் போக இடம் இல்லை, அங்கேயே தங்கும். அதனால் ஒரே குவளைத் தண்ணீரில் நீரின் வயதும் உப்பின் வயதும் ஆயிரக்கணக்கான வருடங்கள் வித்தியாசப்படலாம்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் புண்ணியத்தில் டிடிஎஸ் என்ற சொல் இப்போது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டிடிஎஸ் என்பது வெறும் அளவு. 3,000 என்று காட்டினால் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அது கடல் உப்பா, பாறை கரைந்ததா, மழையோடு வந்து சேர்ந்ததா என்று அந்த எண் சொல்லாது. சோடியம், குளோரைடு, சல்பேட் என்று பிரித்து அளந்தாலும் முழு விடை கிடைக்காது. சோடியம் குளோரைடு எங்கிருந்து வந்தாலும் சோடியம் குளோரைடுதான். இங்கேதான் ஐசோடோப்புகள் உதவிக்கு வருகின்றன. ஒரே தனிமத்தின் அணுக்களில் சில கொஞ்சம் கனமாகவும் சில லேசாகவும் இருக்கும். வேதியியலில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். ஆனால் அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது, அந்தப் பொருள் எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து நுட்பமாக மாறும்.

முதலில் தண்ணீர். ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு அணு கனமான ஆக்சிஜன்-18. நீர் ஆவியாகும்போது லேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு பறக்கும், கனமானவை பின்தங்கும். எனவே வெயிலில் சுண்டிய நீரில் ஆக்சிஜன்-18-ம் கன ஹைட்ரஜனான டியூட்டீரியமும் கூடியிருக்கும். உலகெங்கும் பெய்யும் மழைநீரில் இந்த இரண்டும் ஒரு நேர்கோட்டில் அமைகின்றன என்று 1961-ல் ஹார்மன் கிரெய்க் காட்டினார். சுண்டிய நீர் அந்தக் கோட்டைவிட்டு விலகி, சாய்வு குறைந்த இன்னொரு கோட்டில் போகும். ஒரு கிணற்று நீர் மழைக் கோட்டில் இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே அது திறந்தவெளியில் வெயில் பட்டுச் சுண்டியதா என்று தெரிந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. மரத்தின் வேர் தண்ணீரை உறிஞ்சும்போது கனம், லேசு என்று பார்ப்பதில்லை, அப்படியே எடுத்துக்கொள்கிறது. உப்பை மட்டும் பெரும்பாலும் வெளியே விட்டுவிடுகிறது. ஆக, மண்ணில் மிஞ்சும் நீரில் உப்பு ஏறும், ஆனால் ஐசோடோப்பு விகிதம் மாறாது. வெயில் சுண்டவைத்தால் உப்பும் ஏறும், ஐசோடோப்பும் மாறும். ஒரு நீர் பயங்கர உப்பாக இருந்தும் அதன் ஆக்சிஜன் மழைநீர் போலவே இருந்தால், அங்கே வேலை பார்த்தது வேர்கள் என்று சொல்லிவிடலாம்.

இது வெறும் சுவாரசியத் தகவல் இல்லை. ஆஸ்திரேலியாவின் முர்ரே படுகை விவகாரமே இதில்தான் திரும்பியது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் வறண்ட நிலம் அது. நிலத்தடி நீர் பல இடங்களில் கடல்நீருக்கு நிகராகக் கரிக்கும், சில இடங்களில் அதையும் தாண்டும். அந்த உப்புநீர் கசிந்து முர்ரே ஆற்றில் சேர்கிறது. அடிலெய்டு நகரமும் குடிநீருக்குக் கணிசமாக அந்த ஆற்றை நம்பியிருப்பதால், உப்பு எங்கிருந்து வருகிறது என்பது அங்கே அரசாங்கத்தின் கவலை.

அங்கேயும் எளிதான ஒரு விடை தயாராக இருந்தது. பல பத்து லட்சம் வருடங்களுக்கு முன்பு கடல் அந்தப் படுகைக்குள் புகுந்து கிடந்தது. ஆற்றங்கரைச் செங்குத்துப் பாறைகளில் சிப்பிப் படிவங்களை இன்றும் பார்க்கலாம். அப்படியென்றால் கடல் பின்வாங்கியபோது மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட பழைய கடல்நீர்தானே இது? உப்பின் சேர்க்கையும் கடல்நீரின் சேர்க்கையை ஒத்தே இருந்தது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

குளோரைடை எடுத்துக்கொள்வோம். அதற்கு அருகில் எப்போதும் கொஞ்சம் புரோமைடு இருக்கும். கடல்நீரில் எடைக் கணக்கில் ஒரு பங்கு புரோமைடுக்கு ஏறக்குறைய 290 பங்கு குளோரைடு. கடல்நீரைக் காய்ச்சி உப்பு விளைவிக்கும்போது, உப்புப் படிகத்துக்குள் புரோமைடு சரியாகப் பொருந்தாது, கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். அதனால் நிலத்தடியில் பழைய உப்புப் பாறை கரைந்து வந்த நீராக இருந்தால் அந்த விகிதம் ஆயிரக்கணக்கில் எகிறும். முர்ரே படுகையில் அப்படி எகிறவில்லை, கடலை ஒட்டியே இருந்தது. ஆக உப்புப் பாறை இல்லை. ஆனால் இதை வைத்து மாட்டிக்கொண்ட கடல்நீர் என்று முடிவுகட்ட முடியாது. கடல் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து, துகளாகப் பறந்து, மழையோடு உள்நாட்டில் இறங்கும். அந்த உப்புக்கும் ஏறக்குறைய கடலின் விகிதம்தான்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு அபூர்வமான அணு உதவியது: குளோரின்-36. இது கதிரியக்கம் உள்ளது, அரை ஆயுள் சுமார் 3 லட்சம் ஆண்டுகள். வானத்தில் காஸ்மிக் கதிர்கள் ஆர்கான் அணுக்களை உடைக்கும்போது உண்டாகி, மழையோடும் தூசியோடும் இறங்குகிறது. கடலில் குளோரைடு கோடிக்கணக்கான வருடங்களாகக் குவிந்து கிடப்பதால், அங்கே வந்து சேரும் குளோரின்-36 அதில் கரைந்து, தேய்ந்து, இல்லாத மாதிரியே ஆகிவிடும். 1-க்குப் பின்னால் 15 சைபர் போட்டு, அத்தனை குளோரின் அணுக்களில் ஒன்றுகூடத் தேறாது. உள்நாட்டு மழையில் அப்படி இல்லை. கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போகக் கடல் உப்புத் துகள்கள் குறைகின்றன, வானத்திலிருந்து இறங்கும் குளோரின்-36 அவ்வளவாகக் குறைவதில்லை. எனவே விகிதம் ஏறிக்கொண்டே போகும். அத்தனை குளோரின் அணுக்களில் பத்துக் கணக்கில், சில இடங்களில் நூற்றுக்கணக்கிலும். இவ்வளவு நுண்ணிய அளவை எடுக்கத் துகள் முடுக்கிகள் தேவை. கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று இருந்தது அந்த நாட்டு ஆய்வாளர்களுக்குப் பெரிய வசதி.

முர்ரே படுகை நிலத்தடி நீரில் குளோரின்-36 விகிதம் பழைய கடல்நீருக்கு இருக்க வேண்டியதைவிடத் தெளிவாக அதிகம். அதாவது அந்தக் குளோரைடு வானத்தின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆண்ட்ரூ ஹெர்செக் குழுவினர் 2001-ல் இந்தச் சான்றுகளையெல்லாம் தொகுத்து வைத்த முடிவு: உப்பின் பெரும்பகுதி பழைய கடலின் மிச்சம் அல்ல, மழை கொண்டுவந்தது.

"மழை கொண்டுவந்த உப்பா? மழைத் தண்ணியில் உப்பு எங்கே இருக்கு?" என்ற சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு 250 மில்லிமீட்டர் மழை, அதில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் குளோரைடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழுவது 250 லிட்டர் தண்ணீர், 1 கிராம் குளோரைடு. அந்த 250 மில்லிமீட்டரில் 249.9-ஐ மரங்கள் குடித்துவிட்டு 0.1 மில்லிமீட்டர் மட்டும் கீழே இறங்கினால், அந்த 100 மில்லிலிட்டரில் மொத்த 1 கிராமும் இருக்கும். அதாவது லிட்டருக்கு 10 கிராம் குளோரைடு. கடல்நீரில் இருப்பது 19 கிராம். மழைநீரை ஏறக்குறைய அரைக் கடலாக்க மரங்களைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை. 0.1 மில்லிமீட்டர் என்பதும் வசதிக்காக எடுத்த எண் இல்லை. அந்தப் பகுதியின் மாலி வகைக் குட்டை யூகலிப்டஸ் காடுகளுக்கு அடியில் ஆய்வாளர்கள் கண்ட நீரிறக்கம் அந்த அளவுதான், சில இடங்களில் அதைவிடவும் குறைவு. சுண்டவைத்தது வெயில் இல்லை, வேர்கள்தான் என்பதற்கு மேலே சொன்ன ஆக்சிஜன், டியூட்டீரியம் சாட்சி. இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு சுண்டிய பிறகும் அந்த நீர் பெரும்பாலும் மழைநீரின் சாயலிலேயே இருக்கிறது. டிரெல் ஏரி போன்ற உப்பு ஏரிகளில் நீர் வெளியே வந்து காயும் இடத்தில்தான் வெயிலின் தடம் தெரிய ஆரம்பிக்கிறது.

குளோரைடுக்கு அடுத்து சல்பேட். இதில் கந்தகம் இருக்கிறது, கந்தகத்தில் நூற்றுக்குச் சுமார் 4 அணுக்கள் கனமான கந்தகம்-34. ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனை கூடுதல், எத்தனை குறைவு என்று குறிப்பார்கள். இன்றைய கடலின் சல்பேட் பிளஸ் 21. எரிமலைக் கந்தகம் பூஜ்ஜியத்தை ஒட்டி. சுமார் 25-30 கோடி வருடங்களுக்கு முந்தைய பெர்மியன் காலத்துக் கடலில் படிந்த ஜிப்சம் (கால்சியம் சல்பேட் கனிமம்) பிளஸ் 10, 12 என்ற அளவில். இரும்புக் கந்தகக் கனிமமான பைரைட் பல நேரம் மைனஸில்கூட இருக்கும். ஆலன் சிவாஸ் குழு ஆஸ்திரேலிய உப்பு ஏரிகளின் ஜிப்சத்தை அளந்து 1991-ல் வெளியிட்ட முடிவுகள் அழகானவை: கடற்கரை அருகே பிளஸ் 20, 21, உள்நாட்டுக்குப் போகப் போகச் சீராகக் குறைந்து பிளஸ் 14 வரை. கடற்கரையில் அலைத் துளி நேரடியாகக் கொடுக்கும் சல்பேட். உள்ளே போனால், கடலின் நுண்ணுயிர்ப் பாசிகள் வெளிவிடும் கந்தக வாயு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் சல்பேட்டின் பங்கு கூடுகிறது.

நமீப் பாலைவனமும் இதே ரகம். நமீபியக் கடற்கரையை ஒட்டிய அந்த நிலத்தில் ஜிப்சப் பொருக்குகள் பரந்து கிடக்கின்றன. அங்கேயும் பாசிகள் விடும் அந்த வாயுதான் முக்கிய மூலம் என்று கந்தக ஐசோடோப்பை வைத்து 1999-ல் வாதிட்டார்கள். மறு வருடமே இன்னொரு பக்கத்திலிருந்து சான்று வந்தது. சல்பேட்டில் உள்ள ஆக்சிஜனில் 17, 18 என்ற இரண்டு கன ஐசோடோப்புகளும் சாதாரணமாக ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தே மாறும். ஓசோனோடு வினைபுரிந்து உண்டான பொருட்களில் மட்டும் ஆக்சிஜன்-17 வழக்கத்துக்கு மீறி இருக்கும். நமீப் ஜிப்சத்தில் அந்த மீறல் கிடைத்தது. அதாவது சல்பேட்டின் ஒரு பகுதியாவது காற்றில் உருவானது என்பதற்கு மண்ணிலேயே முத்திரை. 2004-ல் சிலியின் அட்டகாமா பாலைவனத்து நைட்ரேட்டிலும் இதே முத்திரையைக் காட்டினார்கள். உலகத்துக்கே உரமும் வெடிமருந்துக்கு மூலப்பொருளும் கொடுத்த அந்த நைட்ரேட் எப்படி வந்தது என்று நூறு வருடங்களுக்கும் மேலாகக் கடற்பாசி, பறவை எச்சம், எரிமலை என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. மழையே பெய்யாத இடத்தில் காற்றிலிருந்து துளித்துளியாக இறங்கி, கழுவப்படாமல் லட்சக்கணக்கான வருடங்கள் கிடந்தது என்பதுதான் இப்போது வலுவாக நிற்கும் விடை.

ஸ்ட்ரான்ஷியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது கால்சியத்தின் கூடவே திரியும் தனிமம். ருபிடியம் நிறைய உள்ள பழைய கிரானைட்டில், அது சிதைந்து உண்டாகும் ஸ்ட்ரான்ஷியம்-87 காலப்போக்கில் ஏறும். ஸ்ட்ரான்ஷியம்-86-உடன் ஒப்பிட்ட விகிதம் இன்றைய கடலில் 0.7092, இளம் எரிமலைப் பாறையில் 0.704-ஐ ஒட்டி, பழைய கிரானைட்டில் அதிகம். நீர் எந்தப் பாறையோடு உரசி வந்தது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல தடயம் இல்லை. ஆனால் பாறையோடு சுலபமாகப் பண்டமாற்று செய்துகொள்ளும் என்பதால், உப்பின் முதல் மூலத்தைவிட அது கடைசியாகத் தொட்ட பாறையையே காட்டும்.

மற்றவற்றுக்கும் இப்படிச் சறுக்கல்கள் உண்டு. காற்றில்லாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் சல்பேட்டைத் தின்னும்போது லேசான கந்தகத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தின் எண் ஏறிவிடும். பிளஸ் 12-ல் தொடங்கிய பாறை ஜிப்சம் இப்படி ஏறி ஏறிக் கடல்போல வேஷம் போடலாம். குளோரின்-36 பாறைக்குள்ளும் கொஞ்சம் உண்டாகும், 1950-களில் பசிபிக் கடலில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளும் வானத்தில் அதை ஏற்றிவிட்டன. ஒரே ஒரு ஐசோடோப்பை மட்டும் வைத்து உப்பின் ஊரைச் சொல்லும் அறிக்கையை நான் நம்புவதில்லை. இரண்டு மூன்று தடயங்கள், கூடவே நீரும் உப்பும் எவ்வளவு வந்து எவ்வளவு போகிறது என்ற கணக்கு, இவை ஒத்துப்போனால்தான் சரி.

நம் நாட்டு தார் பாலைவனத்தில் இதே குழப்பம் பழசு. ராஜஸ்தானின் சாம்பர் ஏரி உப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிய ஹாலண்டும் கிறிஸ்டியும், கோடைக் காற்று குஜராத்தின் கட்ச் ரண் என்ற உப்பு நிலத்திலிருந்து உப்புத்தூளை அள்ளிவருகிறது என்று 1909-ல் எழுதினார்கள். 1993-ல் ராஜஸ்தான், குஜராத் உப்பு ஏரிகளின் நீரை நிலையான ஐசோடோப்புகளால் ஆராய்ந்து, அது மழையிலிருந்து வந்தது என்று காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு 'காற்றுக் கொள்கை தோற்றது' என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல முடியாது. ஆக்சிஜனும் டியூட்டீரியமும் தண்ணீரின் பூர்வீகத்தைச் சொல்கின்றன, உப்பின் பூர்வீகத்தை இல்லை. காற்று அள்ளிவந்த உப்பும் மழைநீரில்தான் கரையும், பாறை சிதைந்து வந்த உப்பும் மழைநீரில்தான் கரையும்.

முர்ரேயில் விடை தெரிந்ததால் செய்ய வேண்டியதும் மாறியது. உப்பு ஏதோ ஓர் ஊற்றிலிருந்து வந்தால் அதைத் தேடி அடைக்கலாம். ஆயிரக்கணக்கான வருடங்களாக மழை கொடுத்து மரங்கள் பிடித்துவைத்த உப்பு படுகை முழுக்கப் பரவிக் கிடக்கும்போது அடைக்க எதுவும் இல்லை. ஐரோப்பியர்கள் குடியேறி கோதுமைக்காக மரங்களை வெட்டியதும் கீழே இறங்கும் நீர் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர், பத்து இருபது மில்லிமீட்டர் என்று பல பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குக்கும் மேல் கூடியது. அது மண்ணில் தேங்கியிருந்த உப்பைத் தள்ளிக்கொண்டு நிலத்தடி நீருக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. வெட்டிய வருடத்திலேயே தெரியாது, ஆழத்தைப் பொறுத்துப் பல பத்தாண்டுகள் பிந்தியே தெரியும். அதனால்தான் தெற்கு ஆஸ்திரேலியாவில் வூல்புண்டா, வைக்கரி போன்ற இடங்களில் ஆற்றங்கரை நெடுக ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, உப்புநீரை ஆற்றை எட்டுவதற்கு முன்பே இறைத்து, குழாய் வழியே ஸ்டாக்யார்டு பிளெயின் என்ற பள்ளத்துக்கு அனுப்புகிறார்கள். அதுபோன்ற திட்டங்கள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் டன் உப்பை ஆற்றில் சேராமல் தடுக்கின்றன. மோர்கன் என்ற ஊரில் ஆற்றுநீரின் மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) 100-க்கு 95 நாட்களாவது 800 அலகுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. மோட்டார்களை நிறுத்தினால் அந்த உப்பு மறுபடி ஆற்றுக்கே வரும் என்பதால் அவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.